அம்மா வேற்றுக்கிரகம், அப்பா காசிமேடு: அறிவியல் புனைவு கேம்களில் கலப்பு மனிதர்களுக்கு இடமுண்டா?

அறிவியல் புனைவு வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பழைய சண்டை கிளம்பும். கதாநாயகன் பாதி மனிதன், பாதி வேற்றுக்கிரகவாசி என்று கேம் சொல்கிறது. உடனே ஒருத்தர், "லாஜிக் இடிக்குதே, இது அறிவியலே இல்லை" என்பார். இன்னொருத்தர், "விண்கலம் ஒளியைவிட வேகமாகப் போகுது, அதை ஒத்துக்கிட்ட. இதுக்கு மட்டும் என்ன?" என்பார். சென்னையில் இந்தச் சண்டை இன்னும் கொஞ்சம் சூடாகவே நடக்கும். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போதே லாஜிக் ஓட்டைகளைப் பட்டியல் போடுகிற ஊர் இது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்பு மனிதர்கள் தாராளமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கலப்பு எந்த வழியில் வந்தது என்று கேம் சொல்ல வேண்டும். வந்த கலப்பால் விளையாடுகிறவரின் கையில் ஏதாவது மாறவும் வேண்டும். முதல் நிபந்தனையில் கொஞ்சம் தள்ளுபடி கொடுப்பேன், இரண்டாவதில் கொடுக்க மாட்டேன்.

நம்மூருக்குக் கலப்பு உருவங்கள் ஒன்றும் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. பெயரில்தான் புலி. பாறையைச் சுற்றிச் செதுக்கியிருப்பது யாளித் தலைகள். யாளி எப்படிப் பிறந்தது, அதற்குக் குரோமோசோம் எத்தனை என்று யாரும் எந்தச் சிற்பியையும் கேட்டதில்லை. புராணம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. அறிவியல் புனைவு என்று பெயர் வைத்துக்கொண்டால் கடமை வந்துவிடுகிறது.

ஆனால் புராணம் இன்னொரு விஷயத்தில் கெட்டி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் நரசிம்மருக்குச் சந்நிதி உண்டு. அவர் கதையை யோசித்துப் பாருங்கள். மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று இரணியன் வரம் வாங்கி வைத்திருக்கிறான். சிங்கமுகமும் மனித உடலுமாக ஒருவர் அந்தி நேரத்தில், வாசற்படியில் வந்தால்தான் காரியம் நடக்கும். கலப்பை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. ஒரு கேமில் கலப்பு மனிதன் வரும்போது நான் கேட்பதும் இதைத்தான். இவன் முழு மனிதனாக இருந்திருந்தால் இந்த கேமில் என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது என்றால், அவன் நெற்றியில் இருக்கும் மேடு வெறும் மேக்கப்.

சரி, முதலில் உயிரியலைப் பார்த்துவிடுவோம்.

காலையில் நாம் குடிக்கும் பாலில் கணிசமான பங்கு ஜெர்சி கலப்பின மாடுகள் கொடுப்பது. அங்கே சிக்கலே இல்லை. அப்பாவும் மாடு, அம்மாவும் மாடு, கன்றும் மாடு, அந்தக் கன்றும் நாளைக்கு ஈனும். ஒரு படி தள்ளிப் போனால் கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வாங்கும் குட்டிக்கு 63. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். அங்கே கணக்கு உதைக்கிறது. அதனால் கோவேறு கழுதை மூட்டை சுமக்கும், மலையேறும், மிக மிக அபூர்வமாகத் தவிரக் குட்டி மட்டும் போடாது. இத்தனைக்கும் குதிரையும் கழுதையும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

மனிதனுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் சிம்பன்சியும் அதன் தம்பி போனபோவும். நமக்கு 46 குரோமோசோம், அவற்றுக்கு 48. 1920களில் இல்யா இவானோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர் மனிதனையும் குரங்கையும் கலக்க உண்மையிலேயே முயன்று பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. (அந்தப் பரிசோதனையின் அறம் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை.)

மனித இனத்துக்குள்ளேயே வேறு கிளைகளோடு கலந்தது மட்டும் உண்மையில் நடந்திருக்கிறது. ஸ்வாண்டே பாபோவின் குழு 2010ல் நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் சுமார் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று அதன்பிறகு தெளிவானது. பாபோவுக்கு 2022ல் நோபல் பரிசும் கிடைத்தது. 2018ல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சின்ன எலும்புத் துண்டை ஆராய்ந்தார்கள். அது ஒரு பெண்ணுடையது. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன் என்ற இன்னொரு இனம். ஆக, வேளச்சேரியில் உட்கார்ந்து கலப்பு மனிதன் சாத்தியமே இல்லை என்று வாதாடுகிறவரின் உடம்பிலும் ஒரு துளி கலப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை பார்த்தது எல்லாம் சொந்தத்துக்குள் நடந்த கலப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் கூடங்களில் எலும்புக்கூடுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். எந்த விலங்காக இருந்தாலும் முன்னங்கால் எலும்புகளின் அமைப்பு ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். பூமியில் எல்லா உயிருக்கும் ஒரே மூதாதை. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளை மும்மூன்றாகப் படித்துப் புரதம் கட்டும் முறையும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்தக் கணக்கில் கத்தரிக்காய்ச் செடிகூட நமக்குத் தூரத்து உறவு. ஆனாலும் கத்தரிச் செடிக்கும் மனிதனுக்கும் பிள்ளை பிறக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

வேற்றுக்கிரகவாசி தூரத்து உறவுகூட இல்லை. அவன் உலகில் உயிர் தனியாகத் தோன்றியிருந்தால் டிஎன்ஏ என்ற பொருளே அங்கே இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுத்துகள் வேறாக இருக்கலாம். 2019ல் ஸ்டீவன் பென்னரின் குழு நான்குக்குப் பதில் எட்டு எழுத்துகள் கொண்ட செயற்கை டிஎன்ஏவை உருவாக்கிக் காட்டியது. நம்முடைய நான்கு எழுத்துதான் ஒரே வழி என்பதில்லை. அப்புறம் அமினோ அமிலங்கள். புரதத்தின் செங்கற்களான இவற்றில் பெரும்பாலானவை இடக்கை, வலக்கை என்று கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. வேறு கிரகத்தில் வலக்கை வடிவம் ஜெயித்திருக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு உயிர்களைக் கலப்பது, பழைய பாட்டு கேசட்டை பென் டிரைவ் ஓட்டையில் சொருகிப் பாட்டு கேட்கப் பார்ப்பதுதான். இரண்டிலும் பாட்டு இருக்கிறது என்பதைத் தாண்டி ஒரு பொருத்தமும் கிடையாது. வானியலாளர் கார்ல் சேகன், தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு பாதி மனிதக் கதாபாத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது, இதைவிட மனிதனையும் ஒரு செடியையும் கலப்பது சுலபம் என்ற பொருளில் கிண்டல் செய்தார்.

இதிலிருந்து தப்பிக்கக் கதாசிரியர்கள் வழக்கமாக ஒரு ஜன்னலைத் திறப்பார்கள். ஆதியில் யாரோ எல்லாக் கிரகங்களிலும் ஒரே விதையைத் தூவிவிட்டுப் போனார்கள், அதனால் நாமும் அவர்களும் ஒரே வம்சம் என்பது அந்த ஜன்னல். இதற்கு ஒரு மரியாதையான பின்புலம் உண்டு. டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் என்பவரோடு சேர்ந்து 1973ல் இப்படி ஒரு கருத்தை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். 1969ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்ததும் உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதை தூவப்பட்டது பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் என்றால், அந்த வேற்றுக்கிரகவாசி நமக்குக் கத்தரிச் செடியைவிடத் தள்ளி நிற்கும் சொந்தம். ஜன்னல் திறந்தது, ஆனால் ஆள் நுழையுமளவு திறக்கவில்லை.

அப்படியானால் லாஜிக் கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரம் வேண்டாம். பிள்ளை பெறுவது என்ற ஒரே வழியைத்தான் இதுவரை அடைத்திருக்கிறோம். இயற்கையே வேறு வழிகளில் உயிர்களைக் கலந்திருக்கிறது. அவை இன்னும் சுவாரசியமானவை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு. லின் மார்குலிஸ் 1967ல் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம் பழங்காலத் தொற்றுகளில் நுழைந்து அங்கேயே தங்கிவிட்ட வைரஸ்களின் மிச்சம். கர்ப்பத்தில் நச்சுக்கொடி சரியாக உருவாகத் தேவைப்படும் சின்சிட்டின் என்ற புரதம், அப்படி ஒரு வைரஸிடமிருந்து வந்த மரபணு தயாரிப்பது. அதாவது ஒரு வைரஸ் நம் முன்னோர்களைத் தொற்றியிருக்காவிட்டால் நாம் இப்போது பிறக்கும் விதத்தில் பிறந்திருக்க மாட்டோம்.

ஆய்வகமும் கலக்கிறது. மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவில் வைத்து 1978ல் இன்சுலின் செய்தார்கள். 1982ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் வீடு நம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும், இந்தக் கலப்பின் பலன் அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். இதெல்லாம் பூமிக்குள்தான், ஒரே மூதாதை என்பதால்தான் சாத்தியமாயிற்று. ஆனால் ஒரு கதாசிரியருக்கு இது போதும். காதலைவிடத் தொற்றும் அறுவைச் சிகிச்சையும் கலப்புக்கு நம்பகமான வழி என்று உயிரியலே கை காட்டுகிறது.

கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பர் ஒருவருக்கு கேம் கதை எழுதும் ஆசை வந்துவிட்டது. "தலைவரே, அம்மா வேற்றுக்கிரகம், அப்பா காசிமேடு. பையன் கடலுக்கு அடியில மூச்சு விடுவான். எப்படி?" என்றார். நல்ல ஒற்றை வரிதான். அதை வைத்தே வழிகளைப் பார்க்கலாம்.

பிறப்பு வழியில் போனால் மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் வாசலில் நிற்கும். மாயம் என்று சொல்லித் தாண்டலாம், ஆனால் அறிவியல் புனைவு என்ற பலகையைக் கழற்றி வைக்க வேண்டிவரும். ஆய்வக வழியில் தரமணியில் ஒரு ரகசியக் கட்டடம், அங்கே எவரோ அந்தப் பையனின் கருவைத் திருத்தி எழுதினார்கள். அப்போது கேள்வி அவன் எப்படிப் பிறந்தான் என்பதிலிருந்து யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்பதற்கு மாறுகிறது. கதைக்கு வில்லன் இலவசமாகக் கிடைக்கிறான். தொற்று வழியில் எண்ணூர் முகத்துவாரத்தில் வலையோடு ஏதோ வந்து ஒட்டுகிறது, உடம்பு மெல்ல மெல்ல மாறுகிறது. கடைசி வழியில் உடம்பைத் தொடவே வேண்டாம். ஒருவரின் நினைவு இன்னொருவரின் மூளையில் குடியேறுகிறது.

நண்பருக்குத் தொற்று வழிதான் கேமுக்குப் பொருந்தும் என்றேன். "அம்மா சென்டிமென்ட் போச்சே" என்று அவருக்கு வருத்தம். ஆனால் காரணம் இருக்கிறது. சினிமாவில் கதாநாயகன் முதல் காட்சியிலேயே கலப்பாக இருக்கலாம், பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேமில் விளையாடுகிறவர்தான் அந்த உடம்பு. அது கண்ணெதிரே மாறினால், போன அரை மணியில் முடியாதது இப்போது முடிந்தால், முன்பு முடிந்தது இப்போது வலித்தால், அவருக்கு அது விரலில் தெரியும்.

இதற்கு நான் முதலில் காட்டுவது 2002ல் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த மெட்ராய்டு ஃப்யூஷன். சாமஸ் என்ற வீராங்கனை முந்தைய கேம்களில் மெட்ராய்டு என்ற உயிர்களைப் பனிக்கதிரால் உறைய வைத்து வேட்டையாடியவள். இதில் எக்ஸ் என்ற ஒட்டுண்ணி அவளைத் தொற்றிச் சாகும் நிலைக்குக் கொண்டுபோகிறது. மெட்ராய்டின் செல்களிலிருந்து செய்த தடுப்பு மருந்தால் பிழைக்கிறாள். பிழைத்தபின் அவள் உடம்பில் மெட்ராய்டு கலந்துவிட்டது. இப்போது எக்ஸ் ஒட்டுண்ணிகளை உறிஞ்சி அவளால் பலம் பெற முடியும். கூடவே மெட்ராய்டின் பலவீனமும் வந்து சேர்ந்தது: குளிர் தாங்காது. பழைய ஆயுதம் எதிரியின் கையில் அவளுக்கே எமன். அவளுடைய பழைய முழு பலத்தையும் உருவத்தையும் நகலெடுத்த ஒரு எக்ஸ் அந்த விண்வெளி நிலையத்தில் நடமாடுகிறது, அதன் காலடிச் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்ளத் தோன்றும். கலப்பைப் பற்றி யாரும் நீண்ட வசனம் பேசவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது மாறிவிட்டது, அவ்வளவுதான். நரசிம்மர் சோதனையில் இந்த கேம் முதல் மதிப்பெண் வாங்கும்.

2006ல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன் இதைவிட எளிய தந்திரம் செய்தது. துப்பாக்கிச் சண்டை கேம்களில் நாயகன் சுவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒதுங்கினால் காயம் தானாக ஆறிவிடும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இந்த கேமின் நாயகன் நேதன் ஹேலுக்கு, எதிரிகளான கிமேராக்களின் வைரஸ் தொற்றிய பிறகுதான் அப்படி ஆறும் சக்தி வருகிறது. எல்லோரும் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு விதிக்குக் கலப்பு காரணம் கொடுத்துவிட்டது. 1998ல் வந்த ஸ்டார்கிராஃப்டின் கெரிகனும் தொற்று வழிதான். மனிதப் பெண்ணாக நம் பக்கம் நின்று போரிட்டவள் ஸெர்க் என்ற வேற்றுக்கிரகக் கூட்டத்தின் ராணியாக எதிர்ப்பக்கம் போகிறாள்.

பிறப்பு வழியைக் கையாண்டும் மாட்டிக்கொள்ளாமல் தப்பியது பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட். முதல் பாகம் 2007ல் வந்தது. அதில் டூரியன், குவேரியன் என்று இரண்டு இனங்களுக்கு வலக்கை அமினோ அமில உடம்பு. மனிதச் சாப்பாடு அவர்களுக்குச் சத்தாகாது, ஒவ்வாமை வந்தாலும் வரலாம். மனிதனும் டூரியனும் காதலிக்கலாம், ஆனால் ஒரே தட்டில் சாப்பிட முடியாது. இப்படி ஒரு விவரத்தை வைக்கிறவர்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள் என்று புரிகிறது.

அதே கேமில் அசாரி என்ற இனம். எல்லோரும் பெண் உருவம், எந்த இனத்தவரோடும் பிள்ளை பெறலாம். முதலில் கேட்கும்போது வெறும் ஆண் கற்பனை என்று தோன்றும், கொஞ்சம் அப்படியும்தான். ஆனால் விளக்கம் கெட்டிக்காரத்தனமானது. அசாரி துணையின் மரபணுவை வாங்குவதில்லை. இருவரின் நரம்பு மண்டலங்களும் இணையும்போது, துணையின் அமைப்பை மாதிரியாக வைத்துத் தன் மரபணுவின் ஒரு பகுதியையே கலைத்து அடுக்குகிறாள். பிள்ளை நூற்றுக்கு நூறு அசாரி. பாதி மனிதன் என்று ஒருவரும் பிறப்பதில்லை. கலப்புத் திருமணம் உண்டு, கலப்பு உடம்பு இல்லை. சேகன் இருந்திருந்தால் இதற்கும் முகம் சுளித்திருப்பார், ஆனால் கொஞ்சம் குறைவாக.

உயிரியலை விட்டுவிட்டு இப்போது காசுக் கணக்கு. கேம்களில் வேற்றுக்கிரகவாசிகள் ஏன் இப்படி இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலையோடு வருகிறார்கள்? 3டி உருவத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி ஒரு ரிக் இருக்கும். நடை, ஓட்டம், ஏணி ஏறுவது எல்லாம் அந்த ரிக்குக்குச் செய்தவை. மனித ரிக் ஒன்று தயாராக இருந்தால் கலப்பு மனிதனுக்கும் அதையே மாட்டலாம். உடை, ஆயுதம், கவசம் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம், நடிகரின் அசைவைப் பதிவு செய்து அப்படியே ஒட்டலாம். எட்டுக்கால் ஜெல்லிமீன் ஒன்றைக் கதாநாயகனாக வைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். சென்னையில் அனிமேஷன் ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் இதைப் பெருமூச்சோடு சொல்வார்கள். கலப்பு மனிதர்கள் இவ்வளவு இருப்பதில் கதையின் தேவையைவிட பட்ஜெட்டின் தேவை பெரிது என்பது என் சந்தேகம். அது குற்றமில்லை. மேக்கப்போடு நின்றுவிடுவதுதான் குற்றம்.

எனக்கு உண்மையில் இடிக்கிற இடம் உயிரியல் அல்ல. பாதி ரத்தம், பாதிக் குணம் என்ற கணக்குதான்.

1974ல் தொடங்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டு பல வீடியோ கேம்களுக்கு முப்பாட்டன். அது மாயாஜால உலகம், ஆனால் கதாபாத்திரத்தை எண்களாக எழுதும் பழக்கம் அறிவியல் புனைவு கேம்களுக்கும் அங்கிருந்துதான் வந்தது. 2000ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் பாதி ஓர்க், அதாவது ஓர்க் என்ற முரட்டு இனத்தில் பாதியாகப் பிறந்தவனுக்கு வலிமை இரண்டு கூடும், அறிவும் கவர்ச்சியும் இரண்டிரண்டு குறையும். பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டுவிட்டு நீ எதற்கு லாயக்கு என்று முடிவு செய்கிற இந்தக் கணக்கை எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தால், சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். இந்த ஊரில் அதை எதிர்த்து நூறு வருடமாகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கேம் என்பதால் மட்டும் அது அப்பாவியாகிவிடாது. 2024ல் வந்த புதிய விதிப்புத்தகத்தில் பாதி ஓர்க், பாதி எல்ஃப் என்ற தனித் தேர்வுகளே இல்லை. கூடுதல் மதிப்பெண்களும் பிறந்த இனத்திலிருந்து விலகி, அந்த ஆள் முன்பு என்ன வேலை செய்தான், எப்படி வளர்ந்தான் என்ற பின்னணிக்குப் போய்விட்டன. அந்தப் பாதி இனங்களை அடியோடு எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண்ணை இடம் மாற்றியது பிடித்திருக்கிறது.

மாஸ் எஃபெக்டில் இதற்கு ஒரு அழகான தலைகீழ் இருக்கிறது. அசாரிகளில் அசாரிக்கும் அசாரிக்கும் பிறந்த பிள்ளையைத்தான் சமூகம் ஏளனமாகப் பார்க்கும். தூய ரத்தம் என்பது அங்கே வசவு. நாயகனின் அணியில் இருக்கும் லியாரா அப்படிப் பிறந்தவள், அந்தப் பேச்சு வந்தால் அவள் சங்கடப்படுவதை நாம் பார்க்கிறோம்.

எக்ஸ்காம் தொடர் இன்னும் தைரியமாகப் போனது. 2016ல் வந்த எக்ஸ்காம் 2ல் பூமி வேற்றுக்கிரகவாசிகளின் ஆட்சியில் இருக்கிறது. அவர்களுடைய அட்வென்ட் படை வீரர்கள் மனித டிஎன்ஏவும் வேற்றுக்கிரக டிஎன்ஏவும் கலந்து ஆய்வகத்தில் செய்யப்பட்டவர்கள். தலைக்கவசத்தில் பாதி முகம் மறைந்திருக்கும், நாம் சுட்டுத் தள்ளிக்கொண்டே போவோம், ஒரு உறுத்தலும் வராது. அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கத்தில் அதே வீரர்களில் சிலர், தங்களைக் கட்டுப்படுத்தும் சிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம் பக்கம் வருகிறார்கள். 2020ல் வந்த கிமேரா ஸ்குவாடில் போர் முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது. ஒரே நகரத்தில் மனிதர், வேற்றுக்கிரகவாசி, கலப்பினத்தார் எல்லோரும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். நாம் நடத்தும் காவல் அணியிலும் மூன்று தரப்பும் உண்டு. நேற்று நாம் கொன்ற முகங்களோடு இன்று கேன்டீன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் செய்யப்பட்ட படைவீரனுக்குப் போர் முடிந்தபின் ஊர் எது, வேலை எது? கலப்பு மனிதனை வைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். வசனம் கொஞ்சம் விடலைத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று, சிரிப்புக்காக. 2016ல் வந்த ஸ்டெல்லாரிஸ் விண்மீன் பேரரசுகளை நடத்தும் கேம். அதில் இனங்கள் கலந்து பிள்ளை பெற அனுமதிக்கும் ஒரு தேர்வு உண்டு. நூறு, இருநூறு வருடம் போனால் இதற்கும் அதற்கும் பிறந்தவை, அவற்றுக்கும் இவற்றுக்கும் பிறந்தவை என்று கலப்பினங்கள் பெருகி, அத்தனையையும் கணக்கு வைக்க முடியாமல் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். கடைசியில் அதை அணைத்து வைக்கவே ஒரு வசதி கொடுத்தார்கள். ரிச்சி தெருவில் போய் ராம் வாங்கிப் போட்டாலும் பெரிதாகப் பலனில்லை.

முதல்முறை ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பொறுமை இருந்தால் 2021ல் புதுப்பித்து வந்த மாஸ் எஃபெக்ட் தொகுப்பில் தொடங்கலாம், மூன்று பாகமும் ஒன்றாக இருக்கும். சதுரங்க மூளை உள்ளவர்களுக்குக் கிமேரா ஸ்குவாட் சின்னது, சீக்கிரம் முடியும். ஒன்றே ஒன்றுதான் ஆடுவேன் என்றால் ஆர்கேன் நிறுவனம் உருவாக்கி 2017ல் வந்த ப்ரே. டாலோஸ் 1 என்ற விண்வெளி நிலையத்தில் டைஃபான் என்ற உயிர்கள் தப்பித்துத் திரிகின்றன. நியூரோமாட் என்ற ஊசியைக் கண் வழியாக ஏற்றிக்கொண்டு புதிய திறமைகளைப் பெறலாம். மனிதத் திறமைகள் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம், இல்லை டைஃபான்களின் சக்திகளையும் எடுத்துக்கொள்ளலாம். காபிக் கோப்பையாக உருமாறுவதுகூட அதில் அடக்கம். ஆசைப்பட்டு நிறைய ஏற்றிக்கொண்டால், இதுவரை உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த தானியங்கித் துப்பாக்கிகள் திடீரென உங்கள் பக்கம் திரும்பிச் சுட ஆரம்பிக்கும். அவற்றின் கணக்கில் நீங்கள் இனி மனிதரல்ல. எத்தனை ஊசியில் அந்தக் கோடு தாண்டியது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குண்டு வந்திருக்கும்.

முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. விக்கி பக்கத்தைத் திறக்காமல் ஆடுங்கள். பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள், அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கிறது.